வெயில் உங்களைக் கொல்லவில்லை, மச்சாள்

என் அன்பு அய்குல் மச்சாள்,

ஃபர்வானியாவில் குளிர் தொடங்கிவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் 'குளிர்' என்ற சொல்லைக் கேட்டே சிரித்திருப்பீர்கள். ஏ.சி.யை நிறுத்திவிட்டோம். கீழ்க் கடைக்காரர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு ரொட்டி விற்கிறார். கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் ஸ்வெட்டருக்குள் புகுந்துவிட்டார்கள், உங்கள் மகளைத் தவிர. தமாரா அரைக்கைச் சட்டையோடு பால்கனியில் நின்றுகொண்டு, "மாமி, திஸ் இஸ் நாட் கோல்ட்" என்கிறாள். அவளுக்கு உங்கள் ஊர்ப் பனி எவ்வளவு நினைவிருக்குமோ தெரியாது. சொல்வது மட்டும் உங்கள் குரலில் வருகிறது.

முன்பற்கள் இரண்டும் முளைத்துவிட்டன. கணக்கில் கெட்டி. ரவி அண்ணா சோறு காய்ச்சப் பழகிவிட்டார். பருப்பு இன்னும் அடிப்பிடிக்கிறது.

உங்களுக்காக நம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். பேசியவர்களில் ஒருவர், பனி நாட்டில் பூத்த மலர் பாலை வெயிலில் வாடிப்போயிற்று என்றார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். துக்கம் கேட்க வீட்டுக்கு வந்தவர்களும் அதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். "பாவம், ஐஸிலை பிறந்த பிள்ளையை இந்தச் சூட்டிலை கொண்டுவந்து..." என்று நிறுத்திவிட்டு அண்ணாவைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவும் அப்படியே எழுதியிருந்தா.

இப்போது சங்க மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். வாடிய மலர் என்று சொன்னவரும் படிக்கட்டும்.

உங்களைத் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணா ரவி உபகாரச் சம்பளத்தில் ரஷ்யாவுக்குப் போய், ஊஃபா நகரத்தில் எண்ணெய்த் தொழில் படித்தார். அதே வகுப்பில் படித்தவர் நீங்கள். யூரல் மலையடிவாரத்தில் ஒரு பஷ்கீர் கிராமம் உங்கள் ஊர். கலியாணம் முடிந்து அண்ணாவுக்குக் குவைத்தில் வேலை கிடைக்க, நீங்களும் வந்தீர்கள். எண்பத்து மூன்றுக்குப் பிறகு நானும் யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் ஆனேன். ஃபர்வானியாவில் இரண்டு அறை ஃபிளாட்டில் நாம் நான்கு பேர்.

அண்ணாவிடமிருந்து நீங்கள் தமிழ் பழகியிருந்தீர்கள். நல்ல யாழ்ப்பாணத் தமிழ். ஆனால் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவீர்கள். அம்மாவுக்கு அது கடைசிவரை பொறுக்கவில்லை.

ஒரே சான்றிதழ் வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவார். மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பார். உங்கள் இகாமாவில், அதுதான் இங்கே தங்குவதற்கான அனுமதியில், 'மனைவி' என்று அடித்திருந்தது, வேலை செய்ய முடியாது என்றார்கள். மாற்றலாம், ஆனால் அலைய வேண்டும். அண்ணாவுக்கு அலைய மனமில்லை. பிள்ளையை யார் பார்ப்பது, சனம் என்ன சொல்லும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு பதில். ஒரு வருடக் கோடையில் நீங்கள் இரண்டு பேரும் பேசுவதே குறைந்துபோயிற்று. நீங்கள் யன்னல் திரையை விலக்காமல் பகல் முழுக்கப் படுத்திருந்தீர்கள்.

குளிர்காலம் தொடங்கும்போதுதான் தந்தி வந்தது. உங்கள் அம்மா, நீங்கள் 'அஸெய்' என்று கூப்பிடும் அம்மா, வாசற்படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடக்கிறா என்று. மாரியில் எல்லோரும் ஊருக்குப் போவதாக முன்பே இருந்ததால், எங்கள் எல்லோருக்கும் அழைப்பும் அனுமதியும் எடுத்து வைத்திருந்தோம். கடைசி நேரத்தில் அண்ணாவுக்கு லீவு தரவில்லை. எனக்குச் சம்பளமில்லாத லீவு கிடைத்தது. நீ கூடப் போ என்றார் அண்ணா. விமான நிலையத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எப்படியாவது அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். அவர் முகம் அப்போதே நீங்கள் திரும்பி வரமாட்டீர்கள் என்று முடிவு செய்தவரின் முகமாக இருந்தது.

விமானம் ஏறி உட்கார்ந்ததும் நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "கொண்ணன் உன்னைக் காவலுக்கு அனுப்பியிருக்கிறார், என்ன?" என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். "பரவாயில்லை. முதல் வேலை, காவல்காரிக்குச் சப்பாத்து வாங்க வேணும்" என்றீர்கள். மொஸ்கோவில் இறங்கியதும், முழங்கால் வரை வரும் கம்பளிச் சப்பாத்து வாங்கித் தந்தீர்கள். அதைப் போட்டுக்கொண்டு நடந்த முதல் நாள், யானைக்கால்காரி மாதிரி நடக்கிறாய் என்று தமாரா சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்களே.

மொஸ்கோவிலிருந்து ரயில், ஊஃபாவிலிருந்து பஸ், பஸ் நின்ற இடத்திலிருந்து குதிரை இழுக்கும் சறுக்கு வண்டி. வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. நடுவே அகிதெல் ஆறு, அதுவும் வெள்ளை. வண்டி அதன் மேலேயே போகும்போதுதான் கீழே இருப்பது ஆறு என்று சொன்னீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஊர் என்றால் மரக்கட்டை வீடுகள் இரண்டு வரிசை, நீல யன்னல்கள், புகைபோக்கிகள். புகை நேராக மேலே எழுந்து நிற்கும், வளையாது. வீட்டின் பாதி இடத்தை அடுப்பே பிடித்திருந்தது. வெள்ளையடித்த பெரிய அடுப்பு, நம் ஊர்ச் சமாதி போல. அதன் பக்கத்துப் பலகைக் கட்டிலில் அஸெய் காலில் மாக்கட்டோடு கிடந்தா. என்னைப் பார்த்து ஏதோ சொன்னா. நீங்கள் மொழிபெயர்த்தீர்கள்: "இந்தப் பிள்ளை ஏன் இவ்வளவு மெலிவு, காற்றிலை பறந்துபோகும் எண்டு கேக்கிறா." பிறகு எனக்கு ஒரு கிண்ணம் பால் தேநீர் வந்தது. தேன் வந்தது. எண்ணெயில் பொரித்த மா உருண்டைகள் வந்தன. ஒவ்வொன்றாகத் தின்னத் தின்ன அஸெய் எண்ணிக்கொண்டே இருந்தா.

அந்த ஊரில் நான் பார்த்ததை இங்கே அலுவலகத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள். பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வெளியே வைத்தால் விடிய முதல் கல்லாகிவிடும். அதைக் கவிழ்த்தெடுத்து, தட்டுகளை அடுக்குவது போலக் கொட்டிலில் அடுக்கி வைப்பீர்கள். ஒருவர் வீட்டுக்குப் போகும்போது இரண்டு வட்டப் பாலைத் துணியில் சுற்றிக் கையில் கொண்டு போவார்கள். கொடியில் போட்ட என் பாவாடை பலகையாகி, காற்றுக்குத் தட்டியது. புதிதாகப் பிறந்த கன்று குளிரில் செத்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே, அடுப்புக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது. தமாரா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

தண்ணீர் ஆற்றிலிருந்துதான். பனிக்கட்டியில் வெட்டிய துளை காலைக்குள் மூடிக்கொள்ளும். நீங்கள் இரும்புப் பாரையால் அதைக் குத்தித் திறப்பீர்கள். இரண்டு வாளியும் காவுதடியில் ஏற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் மேடேறுவீர்கள். நான் ஒருமுறை முயன்றேன். பாதி வழியில் சறுக்கி, வாளித் தண்ணீர் முழுக்க என் மேல் கொட்டி, வீட்டுக்கு வந்து சேரும்போது என் மேலங்கி தகரம் மாதிரி நின்றது. என்னைக் கழற்றி எடுத்துக் குளியல் குடிசையில் போட்டீர்கள். சூடேறிய கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் கிளம்பும் அந்த நீராவி! அங்கேதான் உங்களிடம் சொன்னேன், இது சரியாக ஆகஸ்ட் மாதத்து ஃபர்வானியா என்று. ஆவிக்குள் உங்கள் முகம் தெரியவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது.

என்னால் மறக்க முடியாதது அந்தச் சிரிப்புத்தான், மச்சாள். குவைத்தில் திரையை விலக்காமல் படுத்திருந்த பெண் எங்கே போனாள்? விடியும் முன் எழும்பி மாட்டைப் பார்த்தீர்கள். அஸெய்யைத் தூக்கி நிமிர்த்தினீர்கள். விறகு கொத்தினீர்கள். பக்கத்து வீட்டு ரேடியோவைத் திருத்தினீர்கள். உங்கள் கன்னம் சிவந்து, குரல் பெரிதாகியிருந்தது. வந்து ஒரு கிழமைக்குள்ளேயே எனக்கு விளங்கிவிட்டது, அண்ணா கேட்டதை நான் செய்யப்போவதில்லை என்று.

பிறகு ஒருநாள் பக்கத்துச் சிறு நகரத்துப் பால் தொழிற்சாலையின் மனேஜர் வந்தார். தேநீர் குடித்தார், அஸெய்யின் காலை விசாரித்தார். போகும்போது வாசலில் உங்களோடு நின்று கதைத்தார். எனக்கு விளங்கிய ஒரே சொல் 'லபரத்தோரியா'.  என்னவென்று நான் கேட்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்க நீங்கள் தேவையில்லாத விறகைக் கொத்திக்கொண்டிருந்தீர்கள்.

இனிப் புல்லுக் கதை.

கோடையில் ஆற்றுக்கு அப்பாலுள்ள புல்வெளியில் புல் அறுத்து, அங்கேயே போராகக் குவித்துவிடுவார்கள். ஆறு உறைந்த பிறகுதான் வண்டி போட்டு வீட்டுக்கு இழுப்பது வழக்கம். அஸெய்யின் போர் அங்கேயே நின்றது, அவ விழுந்துவிட்டதால் இழுக்க ஆளில்லை. பக்கத்து வீட்டு மராத் டிராக்டரில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தான். டிராக்டர் இன்று கிளம்பும் நாளை கிளம்பும் என்று நாள் போயிற்று. கொட்டிலில் இருந்த புல் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. பசு வெறும் தொட்டியை நக்கத் தொடங்கியதும் நீங்கள் கூட்டுப்பண்ணையிலிருந்து ஒரு குதிரையையும் சறுக்கு வண்டியையும் கேட்டு வாங்கி வந்தீர்கள். நானும் வருகிறேன் என்றேன். தமாராவை அஸெய்யிடம் விட்டுவிட்டுக் காலையில் வெளிக்கிட்டோம்.

வானம் அப்போது கண்ணாடி மாதிரி. ஆற்றைக் கடக்கும்போது இந்தமுறை நான் கண்ணை மூடவில்லை. போரின் மேலே மனித உயரத்துக்குப் பனி. அதைத் தள்ளிவிட்டுக் கவைக்கோலால் குத்தி இழுத்தால் உள்ளே பச்சை மாறாத புல், இடையிடையே காய்ந்த பூக்கள். நான் முகத்தைப் புதைத்து மணந்தேன். வண்டி பாதி நிறைந்திருக்கும், குதிரை தலையை உயர்த்திக் காதை ஆட்டியது. நீங்கள் மேற்குப் பக்கம் பார்த்தீர்கள். மலை இருந்த இடத்தில் மலை இல்லை.

"புரான்" என்றீர்கள். அது உங்கள் மொழியில் பனிப்புயல்.

திரும்பி ஓடலாம் என்று நினைத்தேன். நீங்கள் அசையவில்லை. ஆற்றுக்கு நடுவில் பிடித்தால் கரை எந்தப் பக்கம் என்று தெரியாது, இங்கேயே இருப்போம் என்றீர்கள். குதிரையை அவிழ்த்துக் காற்று படாத பக்கமாகப் போரோடு கட்டி, முதுகில் கம்பளம் போட்டீர்கள். அதே பக்கத்தில் இரண்டு கையாலும் புல்லைப் பிய்த்து ஒரு பொந்து தோண்டினீர்கள். என்னை உள்ளே தள்ளி, நீங்களும் நுழைந்து, வாயைப் புல்லால் அடைத்தீர்கள். அந்த நேரத்திலேயே அது வந்து மோதியது. பஸ் ஒன்று போரில் இடித்தது போல.

நான் நடுங்கிக்கொண்டிருந்தேன்.  என் கைகளை எடுத்து உங்கள் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டீர்கள்.

"நித்திரை கொள்ளக் கூடாது, யோகா. கதை. என்னவெண்டாலும் கதை."

எனக்கு ஒரு கதையும் வரவில்லை. நீங்களே தொடங்கினீர்கள். இப்படிப் புல்லைக் குவிச்சு வைக்கிறதுக்குத் தமிழிலை என்ன சொல் என்று கேட்டீர்கள். போர் என்றேன். சண்டைக்கும் அதே சொல்தானே என்றீர்கள். ஓம், அதே சொல்தான். "இவ்வளவு பழைய மொழியிலை சொல்லுக்குப் பஞ்சமோ?" என்றீர்கள். அந்த இருட்டுப் பொந்துக்குள் நான் சிரித்தேன். அதற்குப் பிறகு கதை வந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட நாளைப் பற்றி, அதுவரை யாருக்கும் சொல்லாததை எல்லாம் உங்களுக்குச் சொன்னேன்.  நீங்கள் என் கைகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டீர்கள்.

நான் முடித்த பிறகு நீங்கள் சொன்னீர்கள். அந்தப் பேச்சை நான் சொல்லுக்குச் சொல் வைத்திருக்கிறேன்.

"மனேஜர் வந்தவர் தெரியும்தானே. பால் ஃபாக்டரி லாபிலை எனக்கு வேலை தருகினம். இருக்க வீடும் தருகினம். தமாராவுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்திலை. நான் இன்னும் பதில் சொல்லேல்லை."

"ஓம் எண்டு சொல்லுங்கோவன்" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பினீர்கள், இருட்டில் ஒன்றும் தெரிந்திருக்காது. "கொண்ணன் உன்னை எதுக்கு அனுப்பினவர்?"

"கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. ஆனால் நீங்கள் என்ன சாமானோ, நான் தூக்கிக்கொண்டு போக?"

வெளியே குதிரை செருமியது. நீங்கள் புல்லை விலக்கிக் கையை நீட்டி அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி அடைத்தீர்கள். முகத்தில் பனி ஒட்டியிருக்க வேண்டும், துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

"எல்லாரும் எனக்குப் பனி வேணும் எண்டு நினைக்கினம். ரவியும் அப்பிடித்தான் நினைக்கிறார். நான் இஞ்சை வளர்ந்த காலம் முழுக்க, எப்ப இந்தப் பனியை விட்டுப் போவன் எண்டுதான் இருந்தனான். அந்த ஃபிளாட்டிலை என்னைக் கொல்லுறது வெயில் இல்லை, யோகா. சும்மா இருக்கிறது. வேலை இருந்தால் வெயில் என்னை ஒண்டும் செய்யாது."

"அப்ப இஞ்சை வேலை இருக்குதே."

"இருக்கு. ரவி இல்லை. அவர் இல்லாமல் இருக்கிறதும் சும்மா இருக்கிறது மாதிரித்தான்."

காற்றுக் கொஞ்சம் ஓய்ந்து, திரும்பவும் வந்து அறைந்தது. 

"நான் வாறன். ஆனால் போன உடனே வேலை கேப்பன். அவர் வேண்டாம் எண்டு நிண்டால், நீ ஆர் பக்கம்?"

உங்கள் பக்கம் என்றேன். யோசிக்கவே இல்லை. பிறகு நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். மனேஜர் வந்த விஷயத்தை அண்ணாவிடம் சொல்லக் கூடாது. "எனக்காக விட்டிட்டு வந்தவள் எண்டு அவர் குனிஞ்சு கொண்டு திரிவார். எனக்கு அப்பிடி ஒரு புருஷன் வேண்டாம்."

பகல் மங்கத் தொடங்கும்போது காற்று இறங்கியது. பொந்திலிருந்து வெளியே வந்தால் நாம் வந்த தடமே இல்லை. வண்டியைத் தோண்டி எடுத்துக் குதிரையைப் பூட்டினீர்கள். எந்தப் பக்கம் என்று நான் கேட்க வாயெடுத்தபோது அந்தச் சத்தம் வந்தது. ஊர் நடுவே தண்டவாளத் துண்டொன்று தொங்கும். புரான் அடித்தால் வெளியே அகப்பட்டவர்களுக்காக அதை அடிப்பார்கள். டங், டங் என்று அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஆற்றைக் கடந்தோம்.

அடித்தது மராத். கை கொப்பளிக்க அடித்திருந்தான். அவனை அடிக்க வைத்தது அஸெய். முறிந்த காலை இழுத்துக்கொண்டு கதவுவரை வந்து, அவன் பாட்டன் பெயர் வரை சொல்லித் திட்டியிருக்கிறா. நாம் உள்ளே நுழைந்ததும் அழுவா என்று பார்த்தேன். யன்னலால் வண்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "பாதிதானா?" என்றா. அதற்குப் பிறகுதான் தமாராவின் தலைக்கு மேலாக உங்களைப் பிடித்துக்கொண்டு அழுதா. அடுத்த நாளே டிராக்டர் கிளம்பிவிட்டது, மிச்சப் புல்லும் வந்து சேர்ந்தது.

அஸெய் எழும்பி நடக்கும்வரை நின்றோம். புறப்படும் முன் நீங்கள் மனேஜரிடம் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். நான் அந்தக் கட்டடத்துக்கு வெளியே தமாராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்த உங்கள் நடையில் தளர்ச்சி இல்லை.

குவைத்துக்கு வந்தோம். விமான நிலையத்தில் அண்ணா உங்களைப் பார்த்த பார்வை, தொலைத்த பொருளைக் கண்டெடுத்தவன் பார்வை. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் வேலையைக் கேட்டீர்கள். அண்ணா வழக்கமான பதில்களை எடுத்தார். பிள்ளையை நான் பார்க்கிறேன், பின்னேர டியூட்டிக்கு மாறிவிடுகிறேன் என்றேன். சனத்துக்கு நான் பதில் சொல்கிறேன் என்றேன். பத்திரங்களை நானே டைப் செய்தேன், கையெழுத்துக்காக நாம் இரண்டு பேரும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தோம். அந்த அலைச்சலில் கூட வராமல் இருந்த அண்ணா, மூன்றாம் கிழமையில் தானே ஒருநாள் லீவு போட்டு வந்து வரிசையில் நின்றார். குடிதண்ணீர் சோதிக்கும் லாப் ஒன்றில் உங்களை எடுத்தார்கள்.

ஜூலை மாதத்தில் நண்பகல் வெயிலில் பஸ்ஸால் இறங்கி வருவீர்கள். முகமெல்லாம் வியர்வை, பையில் வெள்ளைக் கோட்டு. "இண்டைக்கு ஒரு டாங்கியிலை என்ன கண்டுபிடிச்சனான் தெரியுமோ?" என்று படியேறும்போதே தொடங்கிவிடுவீர்கள். வெயிலில் வாடிய பெண்ணா அது?

அப்படித்தான் இருந்தது, நோய் வரும்வரை. இரத்தத்தில் வந்த நோய் பனி நாட்டிலும் வரும், எங்கேயும் வரும் என்று டாக்டர் சொன்னார். வைத்தியத்துக்கு ஊஃபாவுக்குப் போவது என்றும் நீங்களே முடிவெடுத்தீர்கள், அஸெய் பக்கத்தில் இருப்பா என்று. கோடை முடியும்போது அண்ணா அங்கே ஓடி வந்தார். எனக்கு விசா கிடைக்கவில்லை. ஊருக்கு மேலே, ஆறு தெரியும் மேட்டில், பேர்ச் மரங்களுக்கு நடுவில் உங்களை மண்ணில் வைத்ததாகத் திரும்பி வந்து சொன்னார். 

வந்ததிலிருந்து அவர் குனிந்துகொண்டுதான் திரிந்தார், மச்சாள். நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அது நடந்துவிட்டது. அஸெய் நம் மூன்று பேருக்கும் அழைப்பு அனுப்பினா. இந்த மாரிக்குப் பேத்தியைக் கொண்டு வாருங்கள் என்று. அண்ணா அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். அந்த மனுஷியின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். தமாராவை இனி அந்தப் பக்கமே அனுப்பப் போவதில்லை என்றும், சென்னையில் போர்டிங் பார்ப்பதாகவும் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தமாரா விளையாடப் போயிருந்தாள். அண்ணா சோற்றுக் கோப்பையில் கை காய்ந்துபோக உட்கார்ந்திருந்தார். "நான்தான் அவளை வெயிலிலை கொண்டுவந்து போட்டனான், யோகா" என்றார்.

அப்போது சொன்னேன். புரானை, பொந்தை, மனேஜரை, லாபை, வீட்டை, எல்லாவற்றையும். உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீங்கள் இருந்தவரை அந்த இரகசியம் உங்களுக்கு உதவியது. இப்போது அது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"நீங்கள் குனிஞ்சுகொண்டு திரிவியள் எண்டு. அவவுக்கு அப்பிடி ஒரு புருஷன் வேண்டாமாம்."

அவர் சிரித்துவிட்டார், மச்சாள். நீங்கள் போன பிறகு முதல் தடவை. சிரிப்பு முடியும் முன்பே அழுகையும் வந்தது, இரண்டையும் அவர் தடுக்கவில்லை. பிறகு என்னை மறுபடி சொல்லச் சொன்னார். 'ரவி இல்லை' என்று நீங்கள் சொன்ன இடத்தை மட்டும் மூன்று தரம் கேட்டார். எந்தக் குரலில் சொன்னவள், சிரித்துக்கொண்டா, சும்மாவா? சும்மாதான் சொன்னவ, பருப்புக்கு உப்புக் காணாது எண்டு சொல்லுற மாதிரி என்றேன். ஓம், அவள் அப்படித்தான் சொல்லுவாள் என்றார்.

பின்னேரம் எழும்பிக் கை கழுவினார். லாச்சியைத் திறந்து அழைப்பை எடுத்து மேசையில் வைத்தார். சனிக்கிழமை நானும் அவரும் தூதரகத்துக்குப் போனோம். இந்தமுறை அவருக்கு லீவு தந்துவிட்டார்கள். எனக்கும் தந்துவிட்டார்கள். போர்டிங் பேச்சு இப்போது இல்லை. தமாரா எங்களோடுதான் வளர்வாள், மாரியில் அஸெய்யோடு. ஊரில் காலை வைப்பதற்கு முன் பஷ்கீர் மொழியில் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்கிறாள். எனக்கு எங்கே தெரியும்? அஸெய் திட்டியதில் இரண்டு சொல் மட்டும் ஞாபகம் இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

இனி யாராவது என் முன்னால் உங்களைப் 'பாவம்' என்று சொன்னால் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வேன். உங்கள் மகள் கேட்கும் போதெல்லாம் சொல்வேன். அவள் வளர்ந்து எந்த ஊரில் இருக்க ஆசைப்பட்டாலும், அங்கே அவளுக்கு ஒரு வேலை இருக்கும்படி படிக்க வைப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. இதை உடைக்க மாட்டேன்.

தையில் வருகிறோம், மூன்று பேரும். அஸெய் தேநீரோடு காத்திருப்பா, காத்திருக்கட்டும். வண்டியால் இறங்கியதும், மேலங்கியைக்கூடக் கழற்றாமல், முதலில் மேட்டுக்குத்தான் ஏறி வருவோம். பனி மூடிக் கிடந்தாலும் அண்ணாவுக்கு இடம் தெரியும்.

உங்கள் மச்சாள்,
யோகா
ஃபர்வானியா